ஆயில் பெயின்டிங்: துறைமுகக் காட்சியில் சூரியன் ஒளிரவில்லை, தண்ணீர் சேறாகிறது. உதவி தேவை

கேள்வி – நீலமை

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த லெ ஹாவ்ர் துறைமுகக் காட்சியை, ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ ஓவியத்தைத்தான், பயிற்சிக்காக ஆயிலில் பார்த்து வரைகிறேன். அசலின் அளவேதான், 48-க்கு 63 செ.மீ. பனிமூட்டமும் அதற்குள் தெரியும் பாய்மரக் கம்பங்களும் ஓரளவு வந்துவிட்டன. இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சூரியனுக்குக் கேட்மியம் ஆரஞ்சில் வட்டம் போட்டேன், எடுப்பாக இல்லை. டைட்டானியம் ஒயிட் சேர்த்தேன். வெளுத்ததே தவிர ஒளி வரவில்லை. அடுத்தது தண்ணீரில் விழும் பிரதிபலிப்பு. முதல் தீற்றல் நன்றாக விழுகிறது, அப்புறம் கீழே ஈரமாக இருக்கும் நீலம் கலந்து சேற்று நிறமாகிவிடுகிறது. ஆரஞ்சில் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கொஞ்சம் கலந்திருக்கிறேன். வெள்ளையை இன்னும் கூட்டவா?

பதில் – கரித்துண்டு

கூட்ட வேண்டாம், இருக்கும் வெள்ளையையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். ஹார்வர்டில் பார்வைப் புலனை ஆராயும் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். சூரியனும் சுற்றியுள்ள வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவில் இருக்கின்றன. நம் கண்ணுக்கு அது தகதகவென்று துடிப்பது நிறத்தால்தான்: சாம்பல் நீலத்துக்கு நடுவே சுத்தமான ஆரஞ்சு.

அதனால் சரிசெய்ய வேண்டியது வானத்தை. அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை, துளி ஆரஞ்சு மூன்றையும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். அதைச் சூரியனுக்குப் பக்கத்தில் தடவி, ஃபோனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். வட்டம் தனியாகத் தெரிந்தால் வானம் இன்னும் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பதில் – பழைய பிரஷ்

மேலே சொன்னது ரொம்பச் சரி. சேறு ஆவதற்குக் காரணம் அந்த லின்சீட் ஆயில். கீழே ஈரம், மேலே வழுக்கும் பெயின்ட், கலக்காமல் என்ன செய்யும்? ஈரத்தின் மேல் போடும் பெயின்ட் கீழே இருப்பதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஆரஞ்சை ட்யூபிலிருந்து நேராக ஓர் அட்டைத்துண்டில் பிதுக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சி, பெயின்ட் வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும்.

பிறகு ஃபிளாட் பிரஷில் தாராளமாக எடுத்து, பிரஷைச் சாய்த்துப் பிடித்து, சூரியனுக்கு நேர் கீழே குறுக்குவாட்டில் ஒரே இழுப்பு. கையை எடுத்துவிடுங்கள். பிரஷைப் பாருங்கள், ஓரத்தில் நீலம் ஒட்டியிருக்கும். துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. தீற்றல்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள், அந்த இடைவெளியில்தான் அலை தெரியும். போட்டதைத் திரும்பத் தொடவே கூடாது. இம்ப்ரெஷனிஸத்தில், அதாவது மோனேயின் இந்த ஓவியப் பாணியில், எனக்குப் பிடித்ததே அந்தத் துணிச்சல்தான்.

கேள்வி – நீலமை

அட்டை யோசனை அருமை. வானத்தை மாற்றியதும் சூரியன் எழுந்து நிற்கிறது! பிரதிபலிப்பில் மேல்பகுதி சுத்தமாக வந்துவிட்டது. கீழே, படகுக்குப் பக்கத்தில், முன்பே சேறான இடம் மட்டும் எதைப் போட்டாலும் மங்குகிறது. அது காயும்வரை காத்திருக்கலாமா? முன்னால் இருக்கும் படகுக்குக் கறுப்பு பயன்படுத்தலாமா?

பதில் – பழைய பிரஷ்

பேலட் கத்தியால் அந்த இடத்தை மட்டும் கேன்வாஸ் தெரியும்வரை சுரண்டி, துணியால் ஒற்றி எடுங்கள். டர்பன்டைனில் கரைத்த நீலத்தை மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அதற்கு மேல் கெட்டியான ஆரஞ்சைப் போடலாம்.

பதில் – கரித்துண்டு

படகுக்கு ட்யூப் கறுப்பு வேண்டாம், பனிமூட்டத்தில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். அல்ட்ராமரைன், விரிடியன் பச்சை, கொஞ்சம் பர்ன்ட் சியன்னா பழுப்பு போதும். பின்னால் போகும் படகுகளுக்கு அதே கலவையில் வானத்துச் சாம்பலைக் கூட்டிக்கொண்டே போங்கள். வார்னிஷுக்கு அவசரப்படாதீர்கள். ஆரஞ்சு தடிமனாக இருக்கும் இடங்கள் உள்ளே காய ஆறு மாதமாவது ஆகும்.