ஆறு பேர் படுக்கக் காற்றோட்டமான பெரிய கூடாரம் எது? உதவி தேவை

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். எங்களுக்குக் காற்றோட்டமான, விசாலமான கூடாரம் ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. சென்ற கோடையில், ஆறு பேருக்கானது என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கிய கூடாரத்தில் கால் நீட்டக்கூட இடம் இருக்கவில்லை. போதாக்குறைக்கு விடியற்காலையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிப் போர்வைகளும் பிள்ளைகளின் உடுப்புகளும் நனைந்துவிட்டன. மூன்று இரவுகளுக்குப் பணம் கட்டியிருந்தும் மறுநாளே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். கடையில் விலைக்கழிவு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் சரியான பதில் சொல்ல முடியாது. நீங்கள் எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது, எந்தப் பூங்காவுக்கு எந்த மாதத்தில் போகிறீர்கள், காற்று மெத்தையில் படுக்கிறீர்களா பாயில் படுக்கிறீர்களா, எந்த வாகனத்தில் போகிறீர்கள் என்று எழுதுங்கள். இரும்புக் கால்களோடு நிமிர்ந்து நிற்கும் பெரிய கூடாரங்கள் மடித்த பின்னும் ஏறக்குறைய 4 அடி நீளம் இருக்கும். சிறிய காரின் பின்பெட்டிக்குள் அவை குறுக்கே போகாது.

நெடுவழி:
இந்தக் கேள்வி இங்கே ஆண்டுதோறும் வைகாசி பிறந்ததும் வந்துவிடுகிறது. பழைய இழைகளை ஒரு தடவை வாசித்துவிட்டு வந்திருந்தால் உங்கள் நேரமும் எங்கள் நேரமும் மிஞ்சியிருக்கும். பதினைந்து ஆண்டுகளாகக் கனடாவில் ஒன்ராறியோவின் பூங்காக்களில் கூடாரம் அடித்துப் படுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கூடாரம் ஒழுகியிருக்கிறது. மலிவான கூடாரங்களில் தையல்களின் உட்புறம் ஒட்டியிருக்கும் நாடா முதற்கோடையிலேயே உரிந்துவிடும். மேல்துணி குறைந்தது 3000 மில்லிமீற்றர் உயர நீரின் அழுத்தம் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தையல்களுக்கு அதற்குரிய பசையை நீங்களே ஒரு தடவை பூசிவிடுங்கள். இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

தீவகத்தான்:
எந்தக் கூடாரத்தை வாங்கினாலும் அதற்கு மேலே நல்ல படங்கு (தார்ப்பாய்) ஒன்றை மரங்களுக்கிடையே இழுத்துக் கட்டுங்கள். நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம். ஒரு துளி உள்ளே வந்ததில்லை.

ஊசியிலை:
அக்கா, கூடாரம் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். அன்று இரவு மழை பெய்ததா? தண்ணீர் தையல் ஓரமாக மட்டும் வடிந்ததா, அல்லது கூரைத்துணி முழுவதும் முத்து முத்தாக அரும்பி, யாராவது துணியை அசைத்தபோது உதிர்ந்ததா?

மல்லிகைப்பந்தல்:
மன்னியுங்கள், அவசரத்தில் எழுதிவிட்டேன். நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர் (12, 9, 4 வயது), என் மாமி. அல்கொன்குவின் பூங்காவில் பொக் ஏரி முகாம்திடல், ஓகஸ்ட் கடைசி வாரம். வாகனம் வான்தான், இடப் பிரச்சினை இல்லை. இரண்டு பெரிய காற்று மெத்தைகள் இருக்கின்றன. மழை பெய்யவில்லை. வானம் துப்புரவாக இருந்தது, நல்ல குளிர். பிள்ளைகளுக்குத் தடிமன் பிடித்துவிடும் என்று இவர் எல்லா யன்னல்களையும் இழுத்துப் பூட்டினார். நீங்கள் கேட்டது சரி, கூரை முழுவதும் முத்துகள்தான். சின்னவன் கையால் தட்டினான், எல்லாம் எங்கள் மேல் கொட்டியது. மாமி நடு இரவில் எழுந்து வானுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

ஊசியிலை:
அப்படியென்றால் உங்கள் கூடாரம் ஒழுகவில்லை. நீங்கள் ஆறு பேரும் விட்ட மூச்சுத்தான் தண்ணீராகிக் கொட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒடுக்கம் என்று படித்தோமே, அதுதான் இது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரு வளர்ந்தவரிடமிருந்து ஒரு நாளில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் நீர் நமக்குத் தெரியாமலே ஆவியாகப் போகிறது. எட்டு மணி நேர நித்திரைக்கு அது கால் லிட்டர். பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைத்துப் பார்த்தாலும் ஆறு பேருக்கு ஒரு லிட்டருக்கு மேல் வரும். தெளிந்த வானமுள்ள இரவில் கூரைத்துணி தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. யன்னல்களைப் பூட்டியதால் வெளியேற வழியில்லாமல் நின்ற ஆவி அந்தக் குளிர்ந்த துணியில் பட்டதும் நீரானது. மழை பெய்யாத இரவில் நனைந்ததற்குக் காரணம் இதுவே.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உட்கூடாரத்தின் மேற்பகுதி வலையாக இருந்து, அதற்கு மேலே மழைமூடி தனித்துணியாக நான்கு விரற்கிடை இடைவெளியோடு நிற்க வேண்டும். அப்போது ஆவி வலைக்குள்ளால் போய் மூடியில் படியும், அங்கே அரும்பும் நீரும் வலைக்கு வெளியே விளிம்புப் பக்கமாக வழிந்து இறங்கும். இரண்டாவது, காற்று நுழைய நிலத்தோடு ஒட்டிய தாழ்ந்த திறப்பும், வெளியேற முகட்டை ஒட்டிய உயர்ந்த திறப்பும் வேண்டும். ஊரில் ஓலைக் குசினிச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியை நினைத்துப் பாருங்கள். கீழே காற்று வந்தது, மேலே புகை போனது. மேலே மட்டும் திறப்பிருந்து கீழே இல்லாவிட்டால் காற்று நகராது.

நெடுவழி:
மூச்சுக்காற்றினால் போர்வை நனைந்தது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தரமான துணி இருந்தால் இந்தத் தொல்லை வராது. 3000 மில்லிமீற்றர் துணியோடு நான் படுத்த எந்த இரவிலும் நனைந்ததில்லை.

ஊசியிலை:
அண்ணா, உங்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எண் வெளியிலிருந்து வரும் நீரை அந்தத் துணி எவ்வளவு தடுக்கும் என்பதைத்தான் காட்டுகிறது. துணியில் பூசியிருக்கும் நீர்தடுப்புப் பூச்சு வெளிநீரை உள்ளே விடாததைப் போலவே உள்ளிருக்கும் ஆவியையும் வெளியே விடுவதில்லை. எண் பெரிதானால் உள்ளீரம் குறையும் என்பது தவறு. நீங்கள் எத்தனை பேர் படுப்பீர்கள், யன்னலைத் திறந்து வைப்பீர்களா?

நெடுவழி:
நான் தனியாகத்தான் போவேன். கதவின் மேற்பாதியை எப்போதும் திறந்து வைப்பேன்.

தீவகத்தான்:
குளிர் என்பதால்தானே யன்னலைப் பூட்டினார்கள்? சிறிய புரொப்பேன் சூடாக்கி ஒன்றைப் படுக்கும் முன் அரை மணி நேரம் உள்ளே வைத்தால் எல்லாம் காய்ந்துவிடும், குளிரும் போய்விடும்.

ஊசியிலை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூடிய கூடாரத்துக்குள் எரியும் எந்த அடுப்பும், எந்தச் சூடாக்கியும் காபன் மொனொக்சைட்டால் நித்திரையிலேயே உயிரைக் குடிக்கக் கூடியது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நான்கு வயதுப் பிள்ளை படுக்கும் இடம் அது. ஈரத்தைப் பற்றி மட்டும் பேசினாலும் அது எதிர்மாறாகத்தான் வேலை செய்யும். புரொப்பேன் எரியும்போது நீராவி பிறக்கிறது. ஒரு கிலோகிராம் எரிந்தால் ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேல் நீர். கடைகளில் விற்கும் 465 கிராம் பச்சை உருளை ஒன்று முழுவதும் எரிந்து முடிந்தால் முக்கால் லிட்டர் நீரை உங்கள் கூடாரத்துக்குள் ஊற்றியதற்குச் சமம். குளிருக்கு உறக்கப்பையையும், அதற்குக் கீழே தடித்த விரிப்பையும் நம்புங்கள். காற்று மெத்தை கீழிருந்து குளிரை ஏற்றும். அதன் மேல் கம்பளி ஒன்றை விரித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

தீவகத்தான்:
சூடாக்கி விடயத்தில் என் சொல்லை மீளப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் படங்கு விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். படங்கு மேலே நின்றால் கூடாரத் துணி வானத்தைப் பார்க்காது, அதனால் நீங்கள் சொன்ன அளவுக்குக் குளிர்ந்தும் போகாது. மழை வந்தாலும் யன்னலைத் திறந்தே வைக்கலாம்.

ஊசியிலை:
அது முழுக்கச் சரி. நான் அதை யோசிக்கவில்லை. கூடாரத்தில் தொடாமல் அதற்கு மேலே இரண்டடி உயரத்தில் கட்ட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

நெடுவழி:
பைன் மரங்களுக்கிடையே காற்றடிக்கும்போது படங்கு பாயைப் போல உப்பிக் கயிற்றோடு கூடாரத்தையும் இழுத்துச் சாய்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தைத் தாழ்த்திக் கட்டாதவர்கள் படங்கு கட்டவே கூடாது.

தீவகத்தான்:
ஒரு பக்கத்தைத் தாழ்த்தாமல் யார் கட்டுகிறார்கள், அண்ணா? தாழ்த்தாவிட்டால் நடுவில் நீர் தேங்கி, படங்கு பானை வயிறு போலத் தொங்கிவிடுமே.

கணக்குப்பிள்ளை:
படங்கை இத்தோடு விட்டுவிட்டு இடக்கணக்குக்கு வருவோம். பெட்டியில் எழுதியிருக்கும் ஆறு பேர் என்ற எண் தோளோடு தோள் இடிக்க, ஒரு பையும் இல்லாமல் படுத்தால் வருவது. 10 அடிக்கு 10 அடிக் கூடாரத்தில் உங்கள் இரண்டு மெத்தைகளையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் 5 அடி அகலம் என்பதால் சுவருக்குச் சுவர் முட்டிவிடும். மெத்தை சுவரில் முட்டினால் போர்வை சுவரிலுள்ள ஈரத்தை இழுக்கும். உங்கள் போர்வைகள் நனைந்ததில் பாதிப் பங்கு இதற்கு இருக்கும் என்று நினைக்கிறேன். மெத்தையின் நீளம் 6 அடி 8 அங்குலம் போக, முன்னால் மிஞ்சுவது 3 அடி 4 அங்குலம். அதற்குள் மாமியின் படுக்கை, செருப்புகள், பைகள், இரவில் எழுந்து போக வழி எல்லாம் அடங்க வேண்டும்.

14 அடிக்கு 10 அடி என்றால் கதை வேறு. மெத்தைகள் 10 அடி எடுக்க, பக்கவாட்டில் 4 அடி மிஞ்சும். மடிப்புக் கட்டில் ஒன்றை அங்கே போட்டு, சுவரிலிருந்தும் சற்று விலக்கி வைக்கலாம். முன்னால் உள்ள 3 அடிப் பட்டி முழுவதும் நடைபாதையாக நிற்கும். கடைக்காரர்கள் இதை எட்டு அல்லது பத்துப் பேருக்கானது என்பார்கள். வாங்குவதற்கு முன் வீட்டு முற்றத்தில் கயிற்றால் 14 அடிக்கு 10 அடி அளந்து, மெத்தைகளை வைத்துப் பாருங்கள். முளைக் கயிறுகளுக்கு ஒவ்வொரு பக்கமும் 3 அடி கூட்டினால் 20 அடிக்கு 16 அடி சமநிலம் வேண்டும். முன்பதிவு செய்த இடத்தின் படத்தைப் பார்த்து அது உண்டா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நெடுவழி:
இவ்வளவு பெரிய கூடாரம் காற்றுக்கு ஆகாது. ஒன்ராறியோ பூங்காக்களில் ஓரிடத்தில் மூன்று தங்குமிடங்கள் வரை அனுமதி உண்டு. மாமிக்குத் தனியாகச் சிறியதொன்றை அடித்துக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

பைன்நிழல்:
அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும், தங்கச்சி. மாமி நனைந்ததால் வானுக்குப் போனாரா, அல்லது வேறு காரணம் உண்டா? எங்கள் அம்மாவும் அப்படித்தான் எழுந்து போனார். அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்ந்த கதவால் குனிந்து வர முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மல்லிகைப்பந்தல்:
நனைவதற்கு முன்பே போய்விட்டார். மாமி 2009இல் வவுனியாவில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் மாதக்கணக்கில் கூடாரத்தில் இருந்தவர். பூட்டிய துணிக்குள் படுத்தால் அந்த வெக்கையும் மணமும் திரும்ப வருகின்றன என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். பேரப்பிள்ளைகளுக்காக இந்த முறையும் வருகிறேன் என்கிறார். தனியாகப் படுக்க மாட்டார். காற்றோட்டம் என்று நான் கேட்டதற்கு முதற்காரணம் இதுதான், எழுத யோசித்தேன்.

பைன்நிழல்:
எழுதியது நல்லது. அப்படியென்றால் மாமி படுக்கும் இடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற கூடாரத்தைத் தேடுங்கள். இரண்டு கதவுகள் உள்ளதாகப் பாருங்கள். ஒன்று மாமியின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும், எவரையும் தாண்டாமல் தானே திறந்து வெளியே போகக்கூடியதாக. நிமிர்ந்து நிற்க உள்ளே ஆறரை அடி உயரமாவது இருக்கட்டும். கதவின் துணி முழுவதையும் சுருட்டிக் கட்டினால் வலை மட்டும் நிற்கும் வகையே நல்லது; படுத்தபடியே மரத்தையும் வானத்தையும் பார்க்கலாம். வெயிலை மறைக்கும் கறுப்புத்துணிக் கூடாரங்களைத் தள்ளுபடி விலையில் காட்டுவார்கள். பிள்ளைகள் பகலில் நித்திரை கொள்ள அவை நல்லவை, உங்கள் மாமிக்கு வேண்டாம். ஓகஸ்ட் கடைசியில் கடிக்கும் கறுப்பு ஈக்கள் இருக்காது என்றாலும் நுளம்பு இருக்கும், ஆகவே வலை நுண்ணியதாக இருக்க வேண்டும்.

நெடுவழி:
தனிக்கூடாரம் என்று நான் சொன்னது பொருத்தமில்லை, தெரியாமல் எழுதிவிட்டேன். பெரிய கூடாரமே வாங்குங்கள். கதவுக்கு முன்னால் மழைமூடி விறாந்தை போல நீண்டு நிற்கும் வகையைத் தேர்ந்தால் மழையிலும் கதவைத் திறந்தே வைக்கலாம். தொப்பி போல உச்சியை மட்டும் மறைக்கும் மூடி மழையில் யன்னலைப் பூட்ட வைத்துவிடும். விறாந்தையில் சமைக்க வேண்டாம், உணவு எதையும் வைக்கவும் வேண்டாம். அங்கே கரடிகள் உண்டு, சாப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் இரவில் வானுக்குள் இருக்க வேண்டும். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அடியுங்கள். ஏரிக்கரைப் பள்ளத்தில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும். மேட்டு இடமாகக் கிடைத்தால் நல்லது. கீழ்விரிப்பு கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே ஓரங்குலம்கூட நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, நீட்டினால் மழைநீரை ஏந்தி அடியில் கொண்டுவந்து விடும்.

கணக்குப்பிள்ளை:
ஞாயிறு போய்விட்டதே, தங்கச்சி, எதை வாங்கினீர்கள்?

பைன்நிழல்:
ஓகஸ்ட் முடிந்துவிட்டது. மாமி எப்படி இருக்கிறார்?

மல்லிகைப்பந்தல்:
பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னியுங்கள். 14க்கு 10, இரண்டு கதவு, முழு மூடி. முதலில் முற்றத்தில் அடித்துத் தண்ணீர்க்குழாயால் நனைத்துப் பார்த்தோம். படங்கும் கட்டினோம், ஒரு பக்கம் தாழ்த்தித்தான். இரண்டாம் இரவு 8 பாகைக்கு இறங்கியது, கீழ்த்திறப்புகளை மூடவில்லை. காலையில் மூடியின் உட்புறம் ஈரமாக இருந்தது, போர்வைகள் காய்ந்திருந்தன. மாமி முதல் இரவில் இரண்டு தடவை கதவைத் திறந்து வெளியே நின்றுவிட்டு வந்தார். மற்ற இரவுகளில் எழும்பவில்லை. சின்னவன் முளைக் கயிற்றில் தடுக்கி முழங்காலை உரசிக்கொண்டான், அதற்கு ஏதாவது வழி உண்டா?

தீவகத்தான்:
பழைய வெள்ளைச் சேலைக்கரையைக் கிழித்து ஒவ்வொரு கயிற்றிலும் இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். இருட்டிலும் தெரியும்.