அக்காவுக்கு கர்ப்பப்பை கட்டி, ஊசி போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கங்க, நாங்க பாலக்கோடு பக்கம். எங்க பெரியக்காவுக்கு 43 வயசு, கர்ப்பப்பைல 7 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு, அதாவது தசைக்கட்டி இருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு. மாசாமாசம் பத்து நாள் தீட்டு நிக்காம போயி ஹீமோகுளோபின் 7.5க்கு எறங்கிடுச்சு, தக்காளி மண்டில வேல பாக்குறவ, போன வாரம் கிரேட் மேலயே சாஞ்சு உக்காந்துட்டா, உதடெல்லாம் வெளுத்துப்போயி, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன்ங்கற பொம்பளைங்க ஹார்மோன் ரெண்டும்தான் இந்த கட்டிக்கு தீனியாம், கூடவே விஇஜிஎஃப்னு ஒரு வளர்ச்சிக் காரணி புது ரத்தக்குழாய முளைக்க வைக்குதாம், அதனாலதான் மாதவிடாய் நின்னப்புறம் நெறைய பேருக்கு தானா சுருங்கிடுதுன்னு டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. லியூப்ரோலைடு ஊசி போட்டா ஹார்மோன் கொறஞ்சு கட்டி சின்னதாகும், ஆனா நிறுத்துனா திரும்ப வளரும், அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு மாசம் மட்டும் போடலாங்கறாங்க.

அக்கா கர்ப்பப்பைய எடுக்க மாட்டேன்னு அழுவுறா. அந்த ஊசி போட்டவங்க உடம்பு சூடு, மூட்டுவலி எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. கட்டிக்குப் போற ரத்தத்த அடைக்கிற எம்போலைசேஷன் தருமபுரி, கிருஷ்ணகிரில பண்றாங்களா, இல்ல சேலம், பெங்களூருதான் போவணுமா? காப்பீட்டு கார்டு செல்லுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வர்ற திங்கக்கெழம மறுபடி டாக்டர பாக்கணும்.