குவீன் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' பழைய சிடி தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாரிடமாவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டுகள் அடங்கிய, 1981-இல் வந்த இந்தத் தொகுப்பின் 2011 ரீமாஸ்டர் (பழைய ஒலிப்பதிவை மறுபடி சீரமைத்த) சிடி கையில் இருக்கிறது, ஒலிப் பொறியாளர் பாப் லுட்விக் செய்தது. ஒப்பிட அதற்கு முந்தைய சிடி ஒன்று வேண்டும். ஒரு நாள் போதும், ஓசூர் என்றாலும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டையும் கணினியில் வேவ் ஃபைலாக (சுருக்காத ஒலிக் கோப்பாக) எடுத்து, சராசரி ஒலி அளவைச் சமமாக்கிய பிறகுதான் கேட்க வேண்டும். உச்ச அளவை மட்டும் சமன் செய்தால் ஏமாந்துபோவோம். 1 டெசிபல் கூடினாலே காதுக்கு அதுதான் 'தெளிவு' என்று படும். டிரம் அடி விழும் இடத்தில் அலையின் முனை கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கிறதா என்றும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு உதவி. இதன் ஒற்றை எல்.பி. இசைத்தட்டில் (ஊசி வைத்துக் கேட்கும் பெரிய வினைல் தட்டு) 17 பாட்டு, ஏறக்குறைய 58 நிமிடம். பள்ளங்களை நெருக்கி வெட்டியிருப்பதால் ஒலி தாழ்ந்திருக்கிறது. இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டு 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' லேபிளை ஒட்டி வருகிறது. அங்கே 'ஸ்' ஒலி மட்டும் மணலைத் தேய்த்தாற்போல் கரகரக்கிறது, முதல் பாட்டு சுத்தம். ஊசி புதிது, அது தட்டின் மேல் அழுத்தும் எடை 2 கிராம். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) கோணம் சரிபார்க்கும் அட்டை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கோணம் சரியாக இருந்தும் கரகரத்தால் தட்டே தேய்ந்தது என்று முடிவு செய்துவிடலாமா?