விடுபட்டுப்போன கூத்துப் பாடல்களைத் தேடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். மாசி மாதத்துக்கு முன்பாக ஒரு சனிக்கிழமை மாலை, விரும்பிய எவரும் ஏறிப் பாடக்கூடிய திறந்த மேடை ஒன்றை இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தவிருக்கிறோம். நிபந்தனை ஒன்றே: மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும் கூத்துகளான காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றில் முன்பு பாடப்பட்டு, இப்போது கைவிடப்பட்ட பாடலாக அது இருக்க வேண்டும்.

விடியவிடிய நடந்த ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கியபோது, எங்கள் தோட்டத்தில் முதலில் வெட்டுப்பட்டவை கோமாளியின் பாட்டுகளும் ரதியின் நீண்ட புலம்பலும்தான். மன்மதன் எரிவதை வைத்துக்கொண்டு ரதி அழுவதைக் குறைத்தது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. கூத்து மாஸ்டராக இருந்த என் தாத்தாவின் சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் குறிப்பேட்டில்) அந்தப் புலம்பல் இருக்கிறது. ஆனால் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், கூரை ஒழுகி நனைந்ததில் நான்கு அடிகளுக்குப் பிறகு நீல மை கரைந்துவிட்டது. ஓரத்தில் "இங்கே தப்பை நிறுத்து" என்று, தப்புப் பறையை அடிப்பதை நிறுத்தச் சொல்லி அவர் எழுதியது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ இத்தகைய கொப்பி இருந்தால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். வரிகள் முழுமையாக நினைவில்லாத பெரியவர்கள் மெட்டை மட்டும் முனகினாலும், அவர்களுடைய சம்மதத்துடன் கைபேசியில் பதிவுசெய்து, எந்தத் தோட்டம், எந்தப் பாத்திரத்தின் பாடல் என்று குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும். மேடையில் தப்பு அடிக்க இரண்டு பேர் தேவை. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் முதியவர்கள் இரவு வீடு திரும்ப வேன் வசதி செய்து தரக்கூடியவர்கள் உட்பெட்டியில் தெரிவியுங்கள்.