தீம் பட்டன் எழுத்து தமிழ் பக்கத்துலயும் இங்கிலீஷ்லயே நிக்குது, உதவி வேணும்

கீழவாசல்_மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பாவுக்கு சுங்குடி சேலை யாவாரம், அவருக்கு வெப்சைட் போட்டுக்கிட்டு இருக்கேன். வேர்ட்பிரஸ், காசு குடுத்து வாங்குன தீம் (ரெடிமேட் டிசைன்), ரெண்டு மொழிக்கு பாலிலாங் இலவச பிளகின். பக்கம், மெனு எல்லாம் தமிழ்ல சரியா வந்துருச்சு. முகப்புல பெரிய படத்து மேல ஒரு பட்டன் இருக்கு, அது மட்டும் தமிழ் பக்கத்துக்குப் போனாலும் "ஆர்டர் நவ்"னு இங்கிலீஷ்லயே இருக்கு. லோகோ ட்ரான்ஸ்லேட்ங்கிற மொழிபெயர்ப்பு பிளகினைப் போட்டு தீமோட வார்த்தைய பூராம் தமிழ்ல அடிச்சு சேவ் பண்ணுனேன், "ரீட் மோர்" மாறிருச்சு, தேடுற பெட்டி மாறிருச்சு, இது மட்டும் அசையவே மாட்டேங்குது. கேஷும் க்ளியர் பண்ணியாச்சு. சேலை வாங்க வர்றவங்க மொதல்ல அமுக்குறதே அந்த பட்டனைத்தான், அது புரியலைன்னா தமிழ் பக்கம் போட்டு என்ன பிரயோசனம்? சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி சைட்டைத் திறக்கணும்னு பெரியப்பா சொல்லிட்டாரு, யாராச்சும் வெரசா சொல்லுங்க.

திருநகர்_தம்பி:
அக்கா, தீமோட டெம்ப்ளேட் ஃபைலைத் திறந்து அந்த எழுத்து இருக்க எடத்துல தமிழ் பக்கம்னா தமிழ், இல்லைன்னா இங்கிலீஷ்னு ஒரு கண்டிஷன் போட்டுருங்க, முடிஞ்சுச்சு.

பசுமலை_டெவ்:
தம்பி சொல்றது இன்னைக்கு வேலை செய்யும், ஆனா தீம் அப்டேட் வந்த அன்னைக்கு அந்த ஃபைல் புதுசா மாறி எல்லாம் போயிரும்மா, அதனால வேணாம். மொதல்ல ஒண்ணு சொல்லு, அந்த "ஆர்டர் நவ்"வ நீ கஸ்டமைசர்ல, அதான் தீமோட தோற்றத்தை மாத்துற எடத்துல, போய் அடிச்சியா?

கீழவாசல்_மல்லி:
ஆமாண்ணே. தீமோட வந்தது வேற ஏதோ எழுத்து, அதை கஸ்டமைசர்லதான் மாத்துனேன்.

பசுமலை_டெவ்:
அப்ப விசயம் அதுதான். "ரீட் மோர்" தீமோட கோடுக்குள்ளயே இருக்க எழுத்து, அதுக்கு தமிழை வேர்ட்பிரஸ் பிஓ, எம்ஓங்கிற மொழிபெயர்ப்பு ஃபைல்ல தேடி எடுக்கும், லோகோ தொடுறதும் அந்த ஃபைலைத்தான். கஸ்டமைசர்ல நீ அடிச்சது டேட்டாபேஸ்ல ஆப்ஷன்ஸ் டேபிளுக்குள்ள போய் உக்காந்துருச்சு, அங்கிட்டு லோகோ எட்டிக்கூட பாக்காது. கஸ்டமைசர்ல அந்தக் கட்டத்தை காலியா விட்டா பழைய எழுத்து வந்துரும்னு நெனைக்காத, காலியா சேவ் ஆனா பல தீம்ல பட்டனும் காலியாத்தான் நிக்கும்.

இந்த எழுத்தை பாலிலாங் கண்ணுல காட்டணும். அதுக்கு டபிள்யூபிஎம்எல்-கான்ஃபிக்னு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் உண்டு, பேரு டபிள்யூபிஎம்எல்ங்கிற இன்னொரு மொழி பிளகினோடதா இருந்தாலும் பாலிலாங்கும் அதைப் படிக்கும். உன் ஹோஸ்டிங்கோட சிபேனல் ஃபைல் மேனேஜர்ல டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள்ள பாலிலாங்னு சின்ன எழுத்துல ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள இதை வையி, தீம் அப்டேட் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. ஃபைலுக்குள்ள அட்மின்-டெக்ஸ்ட்ஸ்னு ஒரு டேக், அதுக்குள்ள ஒரு கீ, அதோட பேரு தீம்_மாட்ஸ்_ போட்டு ஒட்டியே உன் தீம் ஃபோல்டர் பேரு, அந்த கீக்குள்ள இன்னொரு கீ, அதுல பட்டனோட செட்டிங் பேரு. சைல்டு தீம் (மூல தீமைச் சார்ந்து ஓடுற துணை தீம்) ஓடுனா சைல்டோட ஃபோல்டர் பேரைத்தான் போடணும், இதுல நெறைய பேரு முழிக்கிறாங்க.

கீழவாசல்_மல்லி:
சைல்டு தீம் இல்லண்ணே. செட்டிங் பேரை எங்க பாக்குறது?

பசுமலை_டெவ்:
கஸ்டமைசர்ல அந்த எழுத்து அடிக்கிற கட்டத்து மேல ரைட் க்ளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடு. அந்த இன்புட்ல டேட்டா-கஸ்டமைஸ்-செட்டிங்-லிங்க்னு ஒண்ணு தெரியும், அதுக்கு நேரா இருக்கதுதான் பேரு. அப்படியே காப்பி பண்ணு, கையால அடிக்காத. பட்டனோட லிங்குக்கும் தனி செட்டிங் இருக்கும், அதையும் சேர்த்துரு, இல்லைன்னா தமிழ் பட்டனை அமுக்குனா இங்கிலீஷ் ஆர்டர் பக்கத்துக்குப் போயிரும். சேவ் பண்ணிட்டு பாலிலாங் மெனுல ட்ரான்ஸ்லேஷன்ஸ் பக்கத்தைத் திற, ரெண்டும் வந்துருக்கும், தமிழ் கட்டத்துல எழுத்தையும் தமிழ் பக்கத்தோட லிங்கையும் போடு.

கீழவாசல்_மல்லி:
வந்துருச்சுண்ணே!! ரொம்ப ரொம்ப நன்றி, பெரியப்பாகிட்ட காட்டுனேன், அவருக்கு அம்புட்டு சந்தோசம். லிங்கும் சரியா போகுது. ஆனா போன்ல பாத்தா "சேலை ஆர்டர் செய்ய"ங்கிறது பட்டனை விட்டு வெளிய வழியுது, எழுத்துக்கு நடுவுல எடைவெளி வேற விழுகுது, படிக்கவே முடியல.

திருநகர்_தம்பி:
அக்கா இது எனக்குத் தெரியும். தீம்காரங்க இங்கிலீஷுக்குன்னு லெட்டர்-ஸ்பேசிங் குடுத்துருப்பாங்க, பட்டனுக்கு உயரமும் அடைச்சு வச்சுருப்பாங்க. கஸ்டமைசர்ல அடிஷனல் சிஎஸ்எஸ்ல தமிழ் பக்கத்துக்கு மட்டும், அதாவது முன்னாடி கோலன் வச்சு லாங்-ன்னு போட்டு பிராக்கெட்டுக்குள்ள டிஏ குடுத்து பட்டனோட க்ளாஸைச் சேர்த்து, லெட்டர்-ஸ்பேசிங் நார்மல், ஹைட் ஆட்டோ, ஒயிட்-ஸ்பேஸ் நார்மல், லைன்-ஹைட் 1.5 போடுங்க, இங்கிலீஷ் பக்கம் அப்படியே இருக்கும். ஃபாண்ட் வேணும்னா கூகுள் ஃபாண்ட்ஸ்ல ஹிந்த் மதுரைன்னே ஒண்ணு இருக்கு, தமிழும் இங்கிலீஷும் ஒரே அளவுல அழகா உக்காரும், நான் அதைத்தான் போடுறேன்.

கீழவாசல்_மல்லி:
போட்டாச்சு தம்பி, இப்ப போன்லயும் முழுசா தெரியுது.

மேலூர்_பாண்டி:
குறுக்க வர்றேன், எனக்கு ஃபுட்டர்ல காப்பிரைட் வரி இதே மாதிரி நிக்குது, அதுக்கும் இதானா?

பசுமலை_டெவ்:
கஸ்டமைசர்ல அடிச்ச வரின்னா இதேதாண்ணே, அதே ஃபைல்ல இன்னொரு கீ. விட்ஜெட்ல போட்டதா இருந்தா இந்த ஃபைல் வேணாம், பழைய கிளாசிக் விட்ஜெட்னா அதைத் திறந்தா எந்த மொழிக்குக் காட்டணும்னு பாலிலாங் கேக்கும், மொழிக்கு ஒண்ணா ரெண்டு விட்ஜெட் வச்சுருங்க.