ரீமேப் செய்த 1.8 டர்போ பெட்ரோல்: திம்பம் ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது, சூடானபின் ஐடிலில் உதறுகிறது

கேள்வி: கோபி_1800

வணக்கம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டின் செடான். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் 1.8 லிட்டர் டர்போ என்ஜின். இதுவரை 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2021இல் ரீமேப் செய்து (என்ஜின் கணினியின் நிரலை மாற்றி), டவுன்பைப்பையும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) ஏர் இன்டேக்கையும் மாற்றினேன். பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், இப்போது 1.2 பார் வரை ஏறுகிறது.

சத்தி சாலையில் சீராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது, கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வந்து, மூன்றாம் கியரில் 2,500 சுற்றுக்கு மேல் முழுதாக மிதித்தால், வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது. என்ஜின் விளக்கும் மின்னி மின்னி எரிகிறது. இது போதாதென்று, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரை உதறல் தெரிகிறது. ஸ்கேனரில் பி0300 (பல சிலிண்டர்களில் மிஸ், அதாவது பெட்ரோல் எரியாமல் போவது), பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்), பி0171 ஆகிய மூன்று குறியீடுகள் வருகின்றன.

நான்கு காயில்களையும் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருபவை) நான்கு பிளக்குகளையும் புதிதாக மாற்றிவிட்டேன். இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் திரவமும் ஊற்றிப் பார்த்தேன். ஒரு மெக்கானிக் டர்போ போய்விட்டது என்கிறார்; இன்னொருவர் என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். அதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: கணபதி_பட்டறை

பிளக் புதிது என்கிறீர்கள். மாட்டுவதற்கு முன் அதன் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தீர்களா? பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருந்தால் அது பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கம்பெனி பூஸ்டுக்கு அது போதும், 1.2 பாருக்குப் போதாது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு நெருக்கி அடைக்கப்படுகிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் இருந்தால்தான் பொறி அந்த இடைவெளியைத் தாண்டும். காயிலால் அதைத் தர முடியாத நொடியில் பொறி விழாமல் போகிறது, அல்லது பிளக்கின் பீங்கான் வழியாக வெளியே ஓடிவிடுகிறது. சமதளத்தில் ஒன்றும் தெரியாமல், ஏற்றத்தில் குறைந்த சுற்றில் முழு மிதியில் மட்டும் மிஸ் அடிப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

என்ஜின் முழுதாக ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி 0.6க்குக் கொண்டு வாருங்கள். நடு முனை இரிடியமாக இருந்தால் அதன்மேல் எதையும் ஊன்றி நெம்பாதீர்கள். மேலே வளைந்திருக்கும் தகட்டை மட்டும் மெல்லத் தட்ட வேண்டும். மறுபடி மாட்டும்போது கை பலத்தை நம்பாமல் டார்க் ரென்ச் பயன்படுத்துங்கள். அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். கூடவே இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாட்டிப் பாருங்கள். பி0302 என்பது பி0303 ஆக மாறினால் புதுக் காயிலே பழுது என்று பொருள்.

இன்னொன்று. விளக்கு மின்னும்போது தயவுசெய்து மிதியை விட்டுவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். இது சரியாகும் வரை திம்பம் பக்கம் போகாதீர்கள்.

பதில்: பொள்ளாச்சி_டர்போ

மேலே சொன்னது ஏற்றத்துக் கோளாறுக்குப் பொருந்தும். ஐடில் உதறலுக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துத் தேடியதால்தான் இவ்வளவு பொருள்கள் மாறியும் பயனில்லை என்று தோன்றுகிறது. பி0171 என்பது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பதைச் சொல்லும் குறியீடு. அதைப் பிளக் பக்கம் தேடுவதில் பொருளில்லை.

சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை மாட்டி, என்ஜின் சூடான நிலையில், நீண்டகால எரிபொருள் திருத்தத்தை (என்ஜின் கணினி தானே கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோலின் விழுக்காடு) ஐடிலில் ஒரு முறையும், நின்ற இடத்திலேயே 2,500 சுற்றில் ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் அதிகமாகவும் சுற்று ஏறும்போது குறைவாகவும் இருந்தால், உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சாரைத் தாண்டி எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியும். சுற்று ஏறியதும் அது பெருங்காற்றில் கரைந்துவிடும். மாறாக, மிதிக்க மிதிக்கத் திருத்தம் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும்.

உங்கள் வகை என்ஜினில், கிரான்க் கேஸில் (என்ஜினின் அடிப்பகுதி) சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பி.சி.வி. வால்வுக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு கிழிவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய உறிஞ்சல் இருப்பது இயல்பு. மூடி ஒட்டிப் பிடித்தது போல் வர மறுத்து, விசில் போன்ற ஓசையும் கேட்டால் சவ்வு கிழிந்திருக்கிறது.

அதுவும் இல்லையென்றால் அழுத்தச் சோதனைதான். கொங்குப் பக்கத்தில் போர்வெல் குழாய்க்குப் போடும் பி.வி.சி. மூடிக்குப் பஞ்சமில்லை; டர்போவின் வாய்க்குச் சரியான அளவில் ஒன்றை எடுத்து, ட்யூப் இல்லாத டயரின் வால்வு ஒன்றை அதில் பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து 0.7 பாருக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். பி.சி.வி. குழாய்களை முதலில் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்று கிரான்க் கேஸுக்குள் ஏறி ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும்.

பதில்: ஈரோடு_நெடுஞ்சாலை

நேரடி இன்ஜெக்‌ஷன், 94,000 கிலோமீட்டர் என்றதும் எனக்குத் தோன்றியது இன்டேக் வால்வுகளில் படிந்த கரி. பெட்ரோல் அந்த வால்வுகளின்மேல் படுவதே இல்லை என்பதால், நீங்கள் டேங்கில் ஊற்றிய திரவம் அங்கே போய்ச் சேரவும் வழியில்லை. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

பதில்: பொள்ளாச்சி_டர்போ

கரி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் உதறலைத் தரும்; சூடானதும் குறையும். இவருக்கு நேர்மாறாக நடக்கிறது. அது மூன்றாவது வேலையாக இருக்கட்டும்.

பதில்: கோபி_1800

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போனது. திருத்தம் ஐடிலில் 18 விழுக்காடு, 2,500 சுற்றில் 7 விழுக்காடு. ஆயில் மூடியை இரண்டு கையால் இழுத்த பிறகே வந்தது. இத்தனை நாள் டர்போவின் சத்தம் என்று நான் நினைத்திருந்த விசில் அதோடு நின்றது. பி.சி.வி. வால்வை மாற்றியதும் ஐடிலில் 6 விழுக்காடாக இறங்கிவிட்டது, உதறலும் இல்லை.

பிளக்குகளில் மூன்று 0.8 இருந்தன, இரண்டாவது சிலிண்டரின் பிளக் மட்டும் 0.95 காட்டியது. அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றும் இருக்கிறது. நான்கையும் 0.6 ஆக்கி மாட்டியிருக்கிறேன். காயிலை மாற்றி மாட்டியும் குறியீடு இரண்டாவதை விட்டு நகரவில்லை. சமதளத்தில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தபோது ஒரே ஒரு முறை மட்டும் இழுப்பு விட்டது. மீதமுள்ள 6 விழுக்காட்டுக்கு இன்னும் எங்காவது கசிவு தேட வேண்டுமா?

பதில்: கணபதி_பட்டறை

அந்தக் கறுப்புக் கோடுதான் பொறி வெளியே ஓடிய தடம். அந்தப் பிளக்கை இனிப் பயன்படுத்த வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கி 0.6க்கு அளந்து மாட்டுங்கள். அந்தப் பிளக்கின்மேல் முன்பு உட்கார்ந்திருந்த காயிலின் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றுங்கள், ஏனென்றால் உறையின் உட்புறத்திலும் அதே தடம் விழுந்திருக்கும், புதுப் பிளக்கிலும் மின்சாரம் அதே வழியைத் தேடிப் போகும்.

6 விழுக்காட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் ரீமேப் 2021இல் செய்தது. அன்று பெட்ரோலில் எத்தனால் 10 விழுக்காட்டுக்குள் இருந்தது, இன்று 20. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதனால் அதே காற்றுக்கு நான்கைந்து விழுக்காடு கூடுதலாக எரிபொருளை ஈ.சி.யூ. (என்ஜின் கணினி) தானே சேர்த்துக்கொள்கிறது. உறை மாற்றிய பிறகு, திம்பம் வேண்டாம், பண்ணாரி வரை போய்த் திரும்பி, இரண்டாவது சிலிண்டரின் மிஸ் எண்ணிக்கையை மட்டும் இங்கே எழுதுங்கள்.