மவுசல் துறைமுகத்து கிறிஸ்துமஸ் விளக்குகள்: டிசம்பர் 19 அன்று போகலாமா?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பிரிஸ்டலில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரை கார்ன்வாலில் உள்ள மவுசல் என்ற மீனவக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே துறைமுகத்தைச் சுற்றி அமைக்கப்படும் கிறிஸ்துமஸ் விளக்குகளைக் காட்ட விரும்புகிறேன். எனக்கு விடுப்பு கிடைப்பது டிசம்பர் 18 முதல் 20 வரைதான். 19ஆம் தேதி இரவு விளக்குகளை அணைத்துவிடுவார்கள் என்றும், அன்று வெளியூர்க்காரர்கள் போய் நிற்பது முறையாகாது என்றும் உடன் பணியாற்றும் ஒருவர் சொன்னார். இது உண்மையா? அதோடு, இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஊர்மக்களே செய்கிறார்கள் என்பது என் அப்பாவுக்கு வியப்பாக இருக்கிறது. நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதுபோல அங்கும் ஏதேனும் முறை உண்டா என்று கேட்கிறார்.

நெய்தல் எழுதியது:

தலைக்கட்டு வரி எதுவும் கிடையாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 1963ஆம் ஆண்டு ஜோன் கில்கிரஸ்ட் என்ற உள்ளூர் ஓவியர் கடற்சுவர் ஓரமாக ஒரு சரம் வண்ண விளக்குகளைக் கட்டியதில் தொடங்கியது இது. பிறகு ஊரே அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. இன்று பதிவு செய்யப்பட்ட ஓர் அறக்கட்டளை பொறுப்பேற்று நடத்துகிறது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். பணம் வருவது நன்கொடையிலிருந்து. பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உண்டியல் வைத்திருப்பார்கள். தயவுசெய்து அதைக் கடந்து போய்விடாதீர்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு விளக்கு எரிவதே அந்தப் பணத்தில்தான்.

இதில் அடங்கியிருக்கும் உழைப்பைப் பலர் உணர்வதில்லை. நகரத்துத் தெருவில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் சரம் இழுப்பதுபோன்ற வேலை அல்ல இது. துறைமுகத் தண்ணீரின் மேலேயே ஒரு கடல் நாகம் வளைந்து வளைந்து ஒளிர்கிறது. எதிரே கடலுக்குள் இருக்கும் செயின்ட் கிளெமென்ட் என்ற பாறைத் தீவில் ஒரு சிலுவை எரிகிறது. உப்புக்காற்று கம்பியையும் இணைப்புகளையும் அரித்துக்கொண்டே இருக்கும் இடத்தில், குளிர்காலப் புயல் வீசும் மாதத்தில், இவற்றைப் பொருத்தி, பழுது பார்த்து, ஜனவரியில் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். குளிர்காலத்தில் துறைமுக வாயிலைப் பெரிய மரக்கட்டைகளை இறக்கி அடைத்துவிடுவதால் அலையின் வேகம் உள்ளே குறையும் என்றாலும், காற்றை யாராலும் அடைக்க முடியாது.

கலங்கரை எழுதியது:

19ஆம் தேதி பற்றி நான் சொல்கிறேன். உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. அன்று இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டும் விளக்குகளை அணைப்பார்கள். அதன்பின் மீண்டும் எரியும்.

1981 டிசம்பர் 19 அன்று, நெதர்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு உரம் ஏற்றிக்கொண்டு தன் முதல் பயணத்தில் சென்ற யூனியன் ஸ்டார் என்ற சிறு சரக்குக் கப்பலின் இயந்திரம் கார்ன்வால் கடற்கரைக்கு அப்பால் நின்றுபோனது. கப்பலில் தலைவரின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் உட்பட 8 பேர் இருந்தார்கள். கடற்படை ஹெலிகாப்டர் பலமுறை முயன்றும், அந்தக் காற்றில் ஒருவரைக்கூட மேலே தூக்க முடியவில்லை. மவுசலுக்கு அருகிலுள்ள பென்லீ முனையிலிருந்து சாலமன் பிரவுன் என்ற மரத்தாலான உயிர்காப்புப் படகு இரவு 8.12க்குக் கடலில் இறங்கியது. அதில் சென்ற 8 பேரும் மவுசல் ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள். படகுத் தலைவர் டிரெவெல்யன் ரிச்சர்ட்ஸ், ஒரே குடும்பத்திலிருந்து இருவர் வேண்டாம் என்று ஓர் இளைஞரைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்; அவருடைய தந்தை ஏற்கெனவே படகில் இருந்தார். ஏறத்தாழ 18 மீட்டர் உயரம் எழுந்த அலைகளுக்கு நடுவே கப்பலை ஒட்டிச் சென்று 4 பேரை ஏற்றிவிட்டதாகப் படகிலிருந்து வானொலிக் கருவி வழியாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. இரண்டிலும் இருந்த 16 பேரும் இறந்துபோனார்கள். கரையில் நிறுத்தப்பட்ட அந்த இளைஞர் பிற்காலத்தில் பென்லீ உயிர்காப்புப் படகின் தலைவரானார்.

விளக்குகளுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இறந்தவர்களில் ஒருவர், ஊரின் ஷிப் இன் விடுதியை நடத்தியவர். விபத்துக்கு இரண்டு நாள் முன்புதான் அந்த ஆண்டின் விளக்குகளை ஏற்றி வைத்திருந்தார். புயலுக்குப் பின் ஊர் இருண்டு கிடந்தது. மூன்று நாள் கழித்து, விளக்குகளைச் சரிசெய்து மறுபடியும் ஏற்றுங்கள் என்று கேட்டவர் அவருடைய மனைவி. விபத்து நடந்து ஒரு நாளுக்குள்ளாகவே புதிய படகுக் குழுவுக்குத் தேவையான ஆட்கள் அதே ஊரிலிருந்து முன்வந்தார்கள் என்பதையும் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். விளக்குகளை யார் கட்டுகிறார்கள் என்ற அவருடைய கேள்விக்கும் விடை அதில் இருக்கிறது.

ஆனாலும் 19ஆம் தேதியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. அது அந்தக் குடும்பங்களின் நாள்.

மாலைநடை எழுதியது:

கலங்கரை அவர்களின் உணர்வை மதிக்கிறேன். எனினும் முடிவில் மாறுபடுகிறேன். அணைப்பது உள்வீட்டுச் சடங்காக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருப்பார்கள். காண வந்தவர்கள் எல்லோரும் அறியும்படி ஒரு துறைமுகத்தையே இருளாக்குவது, மற்றவர்களும் நினைக்க வேண்டும் என்பதற்காகவே என்று நான் கருதுகிறேன். போகலாம். அந்த ஒரு மணி நேரம் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, பேசாமல் நில்லுங்கள். சாத்தான்குளத்திலிருந்து போனாலும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து போனாலும் இவ்வளவுதான் எதிர்பார்க்கப்படும்.

சந்துகள் மிகவும் குறுகலானவை. ஊருக்குள் காரை ஓட்டிச் செல்வது உங்களுக்கும் தொல்லை, அவர்களுக்கும் தொல்லை. நடக்க முடிந்தவர்கள் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நியூலினிலிருந்து கடலோரமாக நடந்தே வரலாம். வழியில் பென்லீ முனையில் அந்தப் பழைய படகுக் கொட்டகையும் நினைவுத் தோட்டமும் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் நடக்க முடியாது. 18ஆம் தேதி மாலை விளக்குகளைப் பார்த்துவிட்டு, 19ஆம் தேதி பகலில் நினைவுத் தோட்டத்துக்குப் போகலாம் என்று எண்ணுகிறோம். இரவு அங்கே நிற்பதா வேண்டாமா என்பதை அப்பாவின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

நெய்தல் எழுதியது:

நல்ல திட்டம். அம்மாவுக்காக பென்சான்ஸிலிருந்து பேருந்தில் வாருங்கள். விளக்கு நாட்களில் வழித்தடம் மாறக்கூடும் என்பதால் நிறுத்தத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 18ஆம் தேதிக்கான ஓத அட்டவணையையும் பாருங்கள். வற்றிய நேரத்தில் துறைமுகம் வெறும் மணலாகக் கிடக்கும். நீர் ஏறியிருக்கும்போது போனால்தான் நாகத்தின் ஒவ்வொரு வளைவும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.